ருசி ஒண்ணு, நிறம் பல: ஜெம்ஸ் மிட்டாயின் முன்கதை

சாக்லேட்டுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. வெயில்.

சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் உருகுற சூடு கிட்டத்தட்ட 34 டிகிரி செல்சியஸ். நம்ம உடம்புச் சூடு 37. இந்த மூணு டிகிரி வித்தியாசத்தில்தான் சாக்லேட்டோட மொத்த மகிமையும் இருக்கு. கையில் எடுக்கும்போது கெட்டியா இருக்கும், வாயில் போட்டதும் கரையும். ஆனா இது குளிர்நாட்டுக் கணக்கு. மே மாசத்து மதுரையில் பெட்டிக்கடை அலமாரியே 38, 40 டிகிரியில் இருக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது. சாக்லேட் பாக்கெட்டுக்குள்ளேயே களியாகிடும். ராத்திரி இறுகினாலும் மேலே வெள்ளை வெள்ளையாப் பூத்து, பழைய சரக்கு மாதிரி ஆகிடும்.

இந்தச் சிக்கலுக்குக் கிடைச்ச பதில்களில் ரொம்ப அழகானது, சாக்லேட்டைச் சின்னச் சின்னப் பொத்தானா வார்த்து, அதுக்கு மேலே சர்க்கரை ஓடு போட்டது. பிரிட்டனில் ஸ்மார்ட்டீஸ், அமெரிக்காவில் எம் அண்ட் எம்ஸ், நம்ம ஊரில் ஜெம்ஸ். உள்ளே சாக்லேட் இளகினாலும் ஓடு காட்டிக்கொடுக்காது.

இதோட வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சபோது ஒரு விஷயம் என்னை விடாமல் பிடிச்சுக்கிச்சு. ஓடு வந்தது சூட்டுக்காக. ஆனா ஜனங்க மயங்கினது அந்த ஓட்டின் மேலே பூசின நிறத்துக்கு. அந்த நிறத்துக்குத் தனியா ஒரு ருசி கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுத் தின்னா சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். ருசியே இல்லாத ஒரு பூச்சு எப்படி இந்த மிட்டாயோட முகமா மாறிச்சு, அதுக்கு நாம என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் இங்கே குறிச்சு வைக்கிறேன்.

சீரக மிட்டாயின் ஒண்ணுவிட்ட தம்பி

சர்க்கரை ஓடு போடும் வித்தை சாக்லேட்டை விட ரொம்பப் பழசு. ஓட்டல்ல சாப்பிட்டு முடிச்சதும் பில்லோட ஒரு தட்டில் கலர் கலரா சர்க்கரை பூசின சோம்பு வைக்கிறாங்களே, அதுதான் இந்தக் குடும்பத்தின் மூத்த தலைமுறை. பள்ளிக்கூட வாசலில் வித்த சீரக மிட்டாயும் அதே ரத்தம்.

கரும்புச் சர்க்கரை இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியா ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. சொற்களும் கூடவே போச்சு. சம்ஸ்கிருத 'சர்க்கரா' அரபியில் 'சுக்கர்' ஆகி, ஆங்கிலத்தில் 'சுகர்' ஆச்சு. 'கண்ட' என்ற சொல் 'கந்த்' ஆகி, கடைசியில் 'கேண்டி' ஆச்சு. நம்ம கற்கண்டில் இருக்கிற கண்டும் அதே உறவுதான்.

இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரையை வித்தவங்க மருந்துக்காரங்க. கொத்தமல்லி விதை, சோம்பு, பாதாம் இதுக்கெல்லாம் சர்க்கரை பூசி வித்தாங்க. விருந்து முடிஞ்சதும் செரிமானத்துக்காக அதைத் தின்னாங்க. நம்ம ஓட்டல் சோம்புத் தட்டோட அதே காரணம். பிரான்சில் வெர்டன், இத்தாலியில் சுல்மோனா போன்ற ஊர்கள் சர்க்கரை பூசின பாதாமுக்கு இன்னைக்கும் பேர்போனவை. இத்தாலிக்காரங்க இந்த மிட்டாயை 'கான்ஃபெட்டி'ன்னு சொன்னாங்க. திருவிழாக்களில் கூட்டத்தின் மேலே அதை வாரி இறைப்பாங்க. பிற்காலத்தில் மிட்டாய் இருந்த இடத்துக்குக் கலர் காகிதத் துண்டு வந்தது. பிறந்தநாள் விழாவில் நம்ம தலையில் கொட்டுற காகிதத்துக்கு அந்தப் பேர் இப்படித்தான் ஒட்டிக்கிச்சு.

செய்முறை கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம். அகலமான சட்டியைக் கரி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, அதில் விதையைப் போட்டு, சட்டியை ஆட்டிக்கிட்டே சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியா ஊத்தணும். ஒரு பூச்சு காய்ஞ்ச பிறகுதான் அடுத்த பூச்சு. ஹியூ பிளாட் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த தன் வீட்டுக்குறிப்பு நூலில் இதைப் படிப்படியா எழுதியிருக்கார். 19ஆம் நூற்றாண்டில் சட்டியே தானா சுழல ஆரம்பிச்சது. சாய்வா நிக்கிற பெரிய செப்புப் பானை, அதுக்கு நீராவிச் சூடு. மாத்திரைகளுக்குச் சர்க்கரை பூசுறதும் இதே மாதிரிப் பானையில்தான். மிட்டாய்க்காரரும் மருந்துக்காரரும் கடைசிவரை பிரியவே இல்லை.

யார்க் நகரத்து 'பீன்ஸ்'

விதைக்குப் பதிலா நடுவில் சாக்லேட்டை வெச்சா? இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ரவுன்ட்ரீ நிறுவனம் 1882 வாக்கிலேயே 'சாக்லேட் பீன்ஸ்' என்ற பேரில் இதைச் செஞ்சுக்கிட்டு இருந்தது. கடையில் எடை போட்டு விக்கிற சில்லறைச் சரக்கு. பெரிசா யாரும் கண்டுக்கலை.

1930-கள் ரவுன்ட்ரீக்குப் பொற்காலம். இன்னைக்குக் கிட் கேட் என்று நமக்குத் தெரிஞ்ச பிஸ்கட் சாக்லேட் அவங்ககிட்டேயிருந்து 1935-இல் வந்தது. 1937-இல் பழைய பீன்ஸுக்கும் புதுப் பேர் வெச்சாங்க: 'ஸ்மார்ட்டீஸ் சாக்லேட் பீன்ஸ்'. அடுத்த வருஷமே அட்டைக் குழாயில் அடைச்சு வித்தாங்க. ஆட்டினா கலகலன்னு சத்தம் வரும், மூடியைத் தட்டித் திறந்து கையில் கொட்டிக்கலாம். பின்னாளில் பிளாஸ்டிக் மூடியின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தையும் அச்சடிச்சாங்க. எத்தனையோ பிரிட்டிஷ் பிள்ளைகள் அந்த மூடிகளைச் சேர்த்து வெச்சுப் பேர் எழுதி விளையாடியிருக்காங்க. 'பீன்ஸ்' என்ற சொல் வாங்குறவங்களைக் குழப்பும்னு வணிக விதி குறுக்கே வந்ததால், 1977-இல் அது பேரிலிருந்து போச்சு.

போர்க்களத்துக்குப் போன பொத்தான்

ஸ்மார்ட்டீஸ் வந்த காலத்தில் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத்தில் ஒரு அமெரிக்கர் சாக்லேட் தொழில் நடத்திக்கிட்டு இருந்தார். பேர் ஃபாரஸ்ட் மார்ஸ். அப்பாவோட சண்டை போட்டுக்கிட்டு அமெரிக்காவை விட்டு வந்தவர். 1932-இல் ஸ்லவில் மார்ஸ் பார் செய்ய ஆரம்பிச்சார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, சிப்பாய்கள் சர்க்கரை ஓடு போட்ட சாக்லேட் தின்னதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததுன்னு அவர் நிறுவனம் சொல்லுது. யார்க்கில் ஸ்மார்ட்டீஸ் ஏற்கெனவே வித்துக்கிட்டு இருந்ததையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. மீதியை உங்க ஊகத்துக்கே விடுறேன்.

அமெரிக்கா திரும்பினதும், ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத் தலைவர் வில்லியம் மரியின் மகன் புரூஸ் மரியைக் கூட்டாளியாச் சேர்த்துக்கிட்டார். மார்ஸின் எம், மரியின் எம். அதுதான் எம் அண்ட் எம்ஸ். கூட்டாளியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கும் இருந்தது. போர் வந்தா சாக்லேட்டும் சர்க்கரையும் ரேஷனுக்குப் போகும். அப்போ ஹெர்ஷியிலிருந்து சாக்லேட் வரத்து நிக்கக் கூடாது. 1941 மார்ச்சில் செய்முறைக்குக் காப்புரிமை கிடைச்சது. நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் உற்பத்தி தொடங்கிச்சு. போர்க்காலத்தில் சரக்கு முழுக்க ராணுவத்துக்குத்தான்.

அதே ராணுவம் சூட்டுப் பிரச்சினைக்கு இன்னொரு தீர்வையும் கையில் வெச்சிருந்தது. 1937-இல் கேப்டன் பால் லோகன் என்ற அதிகாரி ஹெர்ஷியிடம் போய் ஒரு அவசரகால சாக்லேட் கேட்டார். எடை நாலு அவுன்ஸ், நல்ல சக்தி தரணும், சூட்டில் உருகக் கூடாது. ருசி? வேகவெச்ச உருளைக்கிழங்கை விடக் கொஞ்சம் மேலா இருந்தாப் போதும். ரொம்ப ருசியா இருந்தா சிப்பாய் அவசரத்துக்கு வைக்காமல் முன்னாடியே தின்னுடுவானாம். ஓட்ஸ் மாவெல்லாம் கலந்து ஹெர்ஷி செஞ்சு கொடுத்த அந்தக் கட்டி உருகலை. பல்லால் கடிக்கவும் முடியலை. கத்தியால் செதுக்கித் தின்னாங்க.

இரண்டையும் ஒப்பிட்டா பொத்தானோட சாமர்த்தியம் புரியும். ஹெர்ஷிக் கட்டி சாக்லேட்டையே மாத்தி வெயிலைச் சமாளிச்சது, கூடவே ருசி போச்சு. எம் அண்ட் எம்ஸ் சாக்லேட்டைத் தொடவே இல்லை. மேலே ஒரு சட்டை போட்டு விட்டது.

அந்தச் சட்டை எப்படித் தைக்கிறாங்க? உருகின சாக்லேட்டைக் குழி குழியா இருக்கும் இரண்டு குளிர்ந்த உருளைகளுக்கு நடுவே விடுவாங்க. பருப்பு வடிவத்தில் வார்ந்து விழும். தொழிற்சாலையிலும் அதுக்குப் 'பருப்பு'ங்கிற அர்த்தம் வர்ற பேர்தான். ஓரத்துப் பிசிறு போகிற வரைக்கும் அதை உருட்டுவாங்க. அப்புறம் சுழலும் பானையில் போட்டு மெல்லிசாப் பாகு தெளிச்சு, காத்து விட்டுக் காய வெச்சு, மறுபடி பாகு. இப்படிப் பல பூச்சு. கடைசிப் பூச்சுகளில் மட்டும்தான் நிறம் சேரும். முடிவில் மெழுகு போட்டு மெருகு ஏத்துவாங்க. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒண்ணின் இலையிலிருந்து எடுக்கிற கார்னோபா மெழுகு இதுக்கு வழக்கமாப் பயன்படுது. கவனிச்சீங்களா? வெயிலைத் தடுக்கிற வேலையைச் செய்றது சர்க்கரை. நிறம் அந்த வரிசையில் கடைசியா வந்து சேர்ற அலங்காரம்.

அலங்காரம் ஆட்சிக்கு வந்த கதை

போர் முடிஞ்சதும் சிப்பாய்கள் வீட்டுக்குத் திரும்பினாங்க, மிட்டாயும் கூடவே வந்தது. 1950-இல் ஒவ்வொரு பொத்தானிலும் கறுப்பு மையில் எம் எழுத்து விழுந்தது. 1954-இல் அது வெள்ளையாச்சு. வேர்க்கடலை வெச்ச வகையும் அதே வருஷம் வந்தது. வாயில் கரையும், கையில் கரையாது என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகம் தொலைக்காட்சியில் ஓடிச்சு. போர்க்களத்துத் தேவையை அப்படியே அம்மாக்களுக்கு மொழிபெயர்த்துட்டாங்க: பிள்ளையோட சட்டை அழுக்காகாது!

அமெரிக்கக் கடைகளில் குளிர்சாதனம் பரவப் பரவ, உருகாத சாக்லேட்டுக்கான அவசியம் குறைஞ்சது. நியாயமாப் பார்த்தா இந்த மிட்டாயின் செல்வாக்கு அதோட சரிஞ்சிருக்கணும். நடந்தது நேர்மாறு. அதுக்குள்ளே நிறம் பொறுப்பேத்துக்கிச்சு.

1976-இல் என்ன ஆச்சுன்னு பாருங்க. அமராந்த் என்ற சிவப்புச் சாயம் புற்றுநோயை உண்டாக்குமோ என்ற சந்தேகத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைத் தடை செஞ்சது. எம் அண்ட் எம்ஸில் அந்தச் சாயமே கிடையாது. இருந்தாலும் ஜனங்க பயந்துடுவாங்கன்னு மார்ஸ் நிறுவனம் சிவப்பையே நிறுத்திடுச்சு. ஆரஞ்சு வந்தது. சிவப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி டென்னசியில் ஒரு கல்லூரி மாணவர் விளையாட்டாச் சங்கமே ஆரம்பிச்சார். 1987-இல் சிவப்பு திரும்பி வந்தது. ருசியில் துளி மாத்தம் இல்லாத ஒரு பொருளுக்காகப் பதினோரு வருஷ ஏக்கம்!

1995-இல் புது நிறத்துக்கு அமெரிக்காவில் வாக்கெடுப்பே நடந்தது. நீலமா, இளஞ்சிவப்பா, ஊதாவா? ஒரு கோடிக்கும் மேலே வாக்கு விழுந்து, பாதிக்கும் மேல் வாங்கி நீலம் ஜெயிச்சது. மங்கின பழுப்பு வெளியே போச்சு.

வான் ஹாலன் என்ற ராக் இசைக்குழுவின் கதை இன்னும் வேடிக்கை. 1982 காலத்து ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னாடி எம் அண்ட் எம்ஸ் வைக்கணும், ஆனா அதில் கபில நிறம் ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு ஒரு வரி. பணக்காரத் திமிர்னு எல்லோரும் சிரிச்சாங்க. பாடகர் டேவிட் லீ ராத் பிற்பாடு தன் சுயசரிதையில் காரணம் சொன்னார். அவங்க மேடைக்கு எடையும் மின்சாரமும் ரொம்ப அதிகம். ஒப்பந்தத்தைச் சரியாப் படிக்கலைன்னா மேடையே இடிஞ்சு விழலாம். கிண்ணத்தில் கபில நிறம் தெரிஞ்சா ஒப்பந்தத்தை யாரும் படிக்கலைன்னு அர்த்தம், உடனே எல்லாத்தையும் மறுபடி சோதிப்பாங்களாம். நிறத்தைப் பொறுக்கி எடுக்கிறதில் எந்த உபயோகமும் கிடையாது என்பதுதான் அந்தச் சோதனையோட பலமே.

நிறத்தில் ருசி இல்லைன்னு சொன்னேன். ஒரு விலக்கு உண்டு. பிரிட்டன் ஸ்மார்ட்டீஸில் ஆரஞ்சு நிறத்துக்கு மட்டும் ஆரஞ்சு வாசனை சேர்ப்பாங்க. மத்ததெல்லாம் ஒண்ணுதான். ஆனா மூளை அதை ஒத்துக்கிறதில்லை. பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்மார்ட்டீஸையே சோதனைக்கு எடுத்தாங்க. ஒரே நிறத்தைத் தின்ன பிறகு ஒவ்வொரு நிறத்தின் ருசிக்கும் மதிப்பெண் போடச் சொன்னா, தின்ன நிறத்தின் ருசி அதிகமா இறங்கியிருந்தது. தின்னாத நிறங்களின் மதிப்பு அந்த அளவுக்கு இறங்கலை. உள்ளே இருக்கிற சாக்லேட் ஒண்ணேதான். "சிவப்பு போதும், இப்போ பச்சை" என்று குழந்தை சொல்றது வெறும் அடம் இல்லை பாருங்க.

நம்ம ஊர் ரத்தினங்கள்

கேட்பரி 1948-இல் இந்தியாவுக்கு வந்தது. 1968-இல் ஜெம்ஸைக் கொண்டுவந்தது. ஓடு போட்ட சாக்லேட் உண்மையிலேயே தேவைப்பட்ட நாடு இதுதான். கடைக்குக் கடை குளிர்சாதனம் எதுவும் இங்கே கிடையாது. ஆனா ஜெம்ஸ் தின்ன யாரையாவது கேட்டுப் பாருங்க, "உருகாது" என்பதை முதல் காரணமாச் சொல்றவங்க குறைவு. எங்க தெருவில் நாங்க கலர் வாரியாப் பிரிச்சு, எண்ணி, பண்டமாற்று நடத்தினோம். பெண்பிள்ளைகள் சிவப்பை எச்சிலில் நனைச்சு உதட்டில் தேய்ச்சுக்கிட்டா அதுதான் அன்னைக்கு லிப்ஸ்டிக். நீலத்தைத் தின்னுட்டு நாக்கை நீட்டிக் காட்டுறது தனி விளையாட்டு.

இந்த மயக்கம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. ஜெம்ஸ் விளம்பரங்களில் 'ஜெம்ஸ் பாண்ட்' என்ற பாத்திரம் உண்டு. இன்னொரு நிறுவனம் ஜேம்ஸ் பாண்ட் பேரில் அதே மாதிரிப் பொத்தான்களை, அதே மாதிரி உறையில் வித்ததுன்னு 2005-இல் வழக்கு. 2022 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் ஜெம்ஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஜெம்ஸோட சம்பந்தம் இல்லாத குழந்தைப்பருவம் அரிதுன்னு தீர்ப்பே சொல்லுது. அதில் எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. இந்தச் சரக்கு பெரிய கடைகளில் மட்டும் விக்கிறதில்லை, பான் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் விக்குது, வாங்குறவங்க குழந்தைகள், அதனால் குழம்புறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம் என்பது நீதிமன்றத்தின் வாதம். நான் அதை இப்படிப் புரிஞ்சுக்கிறேன்: இந்த வாடிக்கையாளர் எழுத்தைப் படிச்சு வாங்குறதில்லை. நிறத்தைப் பார்த்துக் கை நீட்டுது.

நிறத்தின் விலை

இங்கேதான் கதை கொஞ்சம் கனமாகுது. கை நீட்டுறது குழந்தை என்றால், நிறத்தில் என்ன இருக்குன்னு பார்க்கிற பொறுப்பு பெரியவங்களுக்கு வருது.

2007-இல் பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு லான்செட் இதழில் வந்தது. மூணு வயசுப் பிள்ளைகளுக்கும் எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கும், சில செயற்கை நிறங்களோட சோடியம் பென்சோயேட் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தாங்க. சராசரியில் துறுதுறுப்பு கூடியிருந்தது. விளைவு சின்னது, பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது, எந்தச் சாயம் காரணம்னு தனியாப் பிரிச்சும் சொல்ல முடியாது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலையிலிருந்து, ஆறு நிறங்களில் எது இருந்தாலும் குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம்னு உறையில் எச்சரிக்கை போடணும்னு விதி கொண்டுவந்தது.

பிரிட்டனில் ஸ்மார்ட்டீஸ் அதுக்கு முன்னாடியே செயற்கை நிறங்களைக் கைவிட்டது. அப்போ நீலத்துக்கு இயற்கையான மாத்து கிடைக்கலை. 2006-இல் நீலம் மறைஞ்சு, அந்த இடத்தில் வெள்ளை வந்தது. 2008-இல் ஸ்பைருலினா என்ற பாசியிலிருந்து எடுத்த நீலத்தோட திரும்பி வந்தது. நிறம் இல்லாமல் இந்த மிட்டாய் வாழாது, ஆனா நிறத்தோட மூலத்தை மாத்த முடியும் என்பதுக்கு இது சாட்சி.

நம்ம ஊருக்கு வந்தா, உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டு. ஐரோப்பா எச்சரிக்கை கேட்கிற ஆறில் நாலு நம்ம பட்டியலில் இருக்கு: டார்ட்ரசின் 102, சன்செட் யெல்லோ 110, கார்மோசின் 122, பான்சோ 124. இது விஷம்னு நான் சொல்ல வரலை. அளவுக்கு வரம்பு உண்டு, உறையில் எண்ணைப் போடணும் என்ற விதியும் உண்டு. கலர் மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா நீங்களே கண்டுபிடிக்கலாம்.

நிஜமான ஆபத்து உறையே இல்லாத இடத்தில். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கும். சோதனையில் ரோடமின்-பி கிடைச்சது. அது துணிக்குப் போடும் சாயம், உணவில் சேர்க்க எந்த அளவிலும் அனுமதி கிடையாது. விலை மலிவு, நிறமோ பளிச். ரோஸ் நிறம் இல்லாத வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே இனிப்புத்தான். ஆனா வெள்ளையை எந்தக் குழந்தை கைகாட்டிக் கேட்கும்? ருசியில்லாத அந்தப் பூச்சுக்கு இவ்வளவு பலம் இருக்கிறதால்தான் தப்பான சாயத்தைக் கலக்கிறவங்களுக்குத் துணிச்சல் வருது.

அதுக்காகக் குழந்தைகள்கிட்டேயிருந்து நிறத்தைப் பிடுங்கணுமா? வேண்டாம். கலர் பிரிச்சு விளையாடுறதில் இருக்கிற சந்தோஷம் நிஜமானது, நானும் அனுபவிச்சிருக்கேன். சர்க்கரை ஓடு வெயிலுக்குப் பதில் சொன்ன மாதிரி, நிறமும் தான் எங்கிருந்து வந்ததுன்னு பதில் சொல்லணும். அதைக் கேட்கிற பழக்கம் வாங்குற நமக்கு வரணும். அடுத்த முறை பிள்ளைக்குக் கலர் மிட்டாய் வாங்கினா, அது கலர் பிரிக்கிற நேரத்தில் நீங்க உறையின் பின்பக்கத்தைப் படிங்க. ரெண்டு நிமிஷ வேலை.

சீரக மிட்டாயைப் பத்தித் தனியா எழுத ஆசை இருக்கு. உங்க ஊரில் இன்னும் சட்டியை ஆட்டிக் கையாலேயே சீரக மிட்டாய் செய்றவங்க இருந்தா சொல்லுங்க. நேரில் போய்ப் பார்த்துட்டு எழுதுறேன்.